மூடுபனியைக் கடந்த செய்தி

திருப்பூரில் பின்னி, வெட்டி, தைத்து, மடித்துக் கட்டப்பெறும் பின்னலாடைகள் சரக்குப் பெட்டகங்களில் ஏறித் தூத்துக்குடி, கொச்சி, சென்னை ஆகிய துறைமுகங்களை அடைகின்றன. அங்கிருந்து அவை கடல்வழியே ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் செல்கின்றன. பெட்டகங்களைச் சுமந்து செல்லும் கப்பல் கரை கண்ணுக்கு மறைந்த பின்னும் தனித்திருப்பதில்லை. எதிர்வரும் கப்பல்களோடும் துறைமுகக் கட்டுப்பாட்டு நிலையங்களோடும் அது வானொலியில் பேசிக்கொண்டே செல்கிறது. இதற்கென உலகெங்கும் ஒதுக்கப்பட்ட 156.8 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையைக் கடலோடிகள் பதினாறாம் தடம் என்பர். அதில் பேசுவோர் அழைக்கப்படும் கப்பலின் பெயரை முதலிலும் தம் கப்பலின் பெயரை அடுத்தும் கூற வேண்டும். முதன்மையான செய்தியைப் பெற்றவர் அதனைத் திருப்பிக் கூறி உறுதிசெய்ய வேண்டும். சொன்னது ஒன்றாகவும் கேட்டது மற்றொன்றாகவும் ஆகிவிட்டால் கடலில் அதற்கு விலை உயிராகவும் இருக்கலாம் என்பதால், கப்பற்கல்வி பயில்வோர் இம்முறைகளைத் தனியே கற்றுச் சான்றிதழ் பெறுகின்றனர்.

கம்பியின் துணையின்றிக் கடல்மேல் செல்லும் இச்செய்திக்குத் தொடக்கக் காலத்தில் வழிகண்ட அறிஞர் பலர். அவர்களுள் ஒருவர் கொல்கத்தாக் கல்லூரி ஒன்றின் குளியலறையை ஒட்டிய சிறிய அறையில் ஆய்வு செய்தவர். நூற்பாலைத் தொழிலாளர் நாள்தோறும் கையாளும் முறுக்கினைச் சணல் நாரில் ஏற்றி, அதனையும் அறிவியற் கருவியாக்கியவர். அவரே ஜகதீச சந்திர போஸ்.

கொடியும் விளக்கும்

கடலில் செல்வோருக்குக் கரையிலிருந்து குறிப்புக் காட்டும் வழக்கம் தமிழருக்குப் பழமையானது. இரவில் வழிதவறி வரும் கலங்களைத் துறைக்கு அழைக்க உயர்ந்த மாடத்தில் தீ வளர்த்த செய்தியைப் பத்துப்பாட்டு நூல்களுள் ஒன்றான பெரும்பாணாற்றுப்படை கூறுகிறது. கலங்கரை விளக்கம் என்னும் சொல்லே கலத்தைக் கரைந்து அழைப்பது என்னும் பொருளைத் தன்னுள் கொண்டிருக்கிறது. பிற்காலத்தில் கப்பலுக்கும் கப்பலுக்கும் இடையே பேசுவதற்குக் கொடிகள் பயன்பட்டன. வண்ணமும் வடிவும் வேறுபட்ட கொடிகளைப் பாய்மரத்தில் வரிசையாக ஏற்றினால் ஒவ்வொரு வரிசையும் ஒரு செய்தியாகும். வணிகக் கப்பல்களுக்கான இத்தகைய குறிப்பேடு ஒன்றினை இங்கிலாந்து அரசு 1857இல் வெளியிட்டது. பின்னாளில் உலகநாடுகள் ஏற்ற கடற்குறியீட்டு முறை அதிலிருந்து வளர்ந்ததே ஆகும். இரவு நேரங்களில் விளக்கை மூடியும் திறந்தும் செய்தி அனுப்பினர்.

இம்முறைகள் யாவும் கண்ணையே நம்பியவை. மூடுபனி இறங்கினால் கொடியும் தெரியாது, விளக்கும் தெரியாது. ஊதுகொம்பின் ஒலி கேட்டாலும் அது எத்திசையிலிருந்து வருகிறது என அறிவது அரிது. நல்ல வெளிச்சத்திலும் ஆபத்து இல்லாமற் போகவில்லை. 1893 சூன் 22 அன்று மத்தியதரைக் கடலில் பிரித்தானியப் போர்க்கப்பல்கள் இரு வரிசைகளாகச் சென்றுகொண்டிருந்தன. இரு வரிசைகளும் ஒன்றை நோக்கி ஒன்று உட்புறமாகத் திரும்புமாறு தளபதி கொடிச்சைகை காட்டினார். வரிசைகளுக்கு இடையே அதற்குப் போதிய தொலைவு இல்லை. மற்றொரு வரிசைக்குத் தலைமை தாங்கியவர் ஐயுற்றுத் தயங்கினார். தயக்கத்திற்குக் காரணம் கேட்டு மேலும் ஒரு சைகை வந்தவுடன் கீழ்ப்படிந்தார். 'விக்டோரியா' என்னும் கப்பல் மோதுண்டு மூழ்க, தளபதி உட்பட 358 பேர் மாண்டனர். கொடிகள் பிழையின்றிப் படிக்கப்பட்டன. ஆணையின் நோக்கம் என்ன என்பதைத் திருப்பிக் கேட்டுத் தெளியும் வழிதான் அங்கே இல்லாமற் போயிற்று.

இளமையும் கல்வியும்

போஸ் 1858 நவம்பர் 30 அன்று இன்றைய வங்கதேசத்தில் உள்ள மைமன்சிங்கில் பிறந்தார். தந்தை பகவான் சந்திர போஸ் ஆங்கில அரசில் துணை நீதிபதியாகப் பணியாற்றியவர். அக்காலத்தில் அரசு அலுவலர்கள் தம் பிள்ளைகளை ஆங்கிலப் பள்ளிக்கு அனுப்புவதையே பெருமையாகக் கருதினர். அவரோ, பிற மொழியைக் கற்பதற்கு முன் தாய்மொழியையும் தம் மக்களையும் அறிந்திருக்க வேண்டும் என்ற கருத்தினர். ஆகவே மகனை வங்கமொழிப் பள்ளியில் சேர்த்தார். வகுப்பில் ஒருபுறம் தந்தையின் இசுலாமியப் பணியாளர் மகனும் மறுபுறம் மீனவர் ஒருவரின் மகனும் அமர்ந்தனர். பறவைகளையும் விலங்குகளையும் நீர்வாழ் உயிர்களையும் பற்றி அவர்கள் சொன்ன கதைகளே இயற்கையை ஆராயும் விருப்பத்தைத் தமக்குள் விதைத்திருக்கக்கூடும் என்று போஸ் முதுமையில் நினைவுகூர்ந்தார். தந்தை வேறொரு வகையிலும் மகனுக்கு ஆசிரியராக விளங்கினார். பர்துவானில் கொள்ளைநோய் பரவியபோது பெற்றோரை இழந்த சிறுவர்களுக்காகத் தொழிற்கூடம் ஒன்றை அவர் நடத்தினார். கையால் செய்யும் வேலையைத் தாழ்வாகக் கருதாத மனம் போஸுக்கு அங்கே வாய்த்தது எனலாம். பிற்காலத்தில் அவருடைய கருவிகளை உருவாக்கத் துணைநின்றவரும் தகரவேலை செய்யும் கைவினைஞர் ஒருவரே.

கொல்கத்தா புனித சவேரியார் கல்லூரியில் இயற்பியல் பயிற்றுவித்த லாஃபோன் அடிகளார் செய்முறை விளக்கங்களால் புகழ்பெற்றவர். அவரிடம் பயின்ற போஸ் 1880இல் இங்கிலாந்து சென்று மருத்துவக் கல்வியைத் தொடங்கினார். அறுவைக்கூடத்தின் நெடி அவரை முன்பே பற்றியிருந்த காய்ச்சலை மிகுவித்தது. மருத்துவத்தைக் கைவிட்டுக் கேம்பிரிட்ஜில் இயற்கை அறிவியல் பயின்றார். அங்கு அலையியலில் தேர்ந்த ராலே பிரபு அவருக்கு ஆசிரியராக வாய்த்தார்.

1885இல் நாடு திரும்பிய போஸ் கொல்கத்தா மாநிலக் கல்லூரியில் இயற்பியல் பேராசிரியரானார். அக்காலத்தில் ஒரே பணிக்கு ஐரோப்பியர் பெற்ற ஊதியத்தில் மூன்றில் இருபங்கே இந்தியருக்கு வழங்கப்பட்டது. தற்காலிகப் பணியென்று காரணங்காட்டி அதிலும் பாதியே போஸுக்குத் தர முற்பட்டனர். அவர் வேலைநிறுத்தம் செய்யவில்லை. பாடம் நடத்துவதையும் குறைத்துக்கொள்ளவில்லை. ஊதியத்தைத் தொடாமலே மூன்றாண்டுகள் பணியாற்றினார். தொழில் முயற்சிகளில் தந்தை அடைந்த இழப்பால் குடும்பத்தைக் கடன் அழுத்திய காலம் அது. 1887இல் அவர் அபலா தாஸை மணந்தார். கொல்கத்தா மருத்துவக் கல்லூரியில் பெண்களுக்கு இடம் மறுக்கப்பட்டதால் சென்னைக்கு வந்து மருத்துவம் பயின்று, உடல்நலக் குறைவால் இடையில் நிறுத்த நேர்ந்தவர் அபலா. வாடகை குறைந்த சந்தன்நகரில் குடியிருந்த இவ்விணையர் ஹூக்ளி ஆற்றைச் சிறுபடகில் கடந்தே கல்லூரிப் பணிக்கு வழிசெய்துகொண்டனர். இறுதியில் அரசு இணங்கியது. மூன்றாண்டுகளுக்கும் முழு ஊதியம் ஒருசேர வழங்கப்பட, அத்தொகை தந்தையின் கடனைத் தீர்க்க உதவியது.

காணா ஒளி

மின்காந்த அலைகள் உண்டென்பதை மாக்ஸ்வெல் கணக்கால் காட்டினார். 1888ஆம் ஆண்டளவில் ஹெர்ட்ஸ் அவற்றைச் சோதனையால் மெய்ப்பித்தார். ஹெர்ட்ஸின் பணியைப் பற்றி ஆலிவர் லாட்ஜ் எழுதிய நூல் 1894இல் போஸை ஈர்த்தது. தம் முப்பத்தாறாம் பிறந்தநாளில், இனி வாழ்வை ஆய்வுக்கே அளிப்பதென அவர் உறுதிபூண்டார். கல்லூரியில் ஆய்வகம் இல்லை. குளியலறையை அடுத்த 24 சதுர அடி இடமே அவருக்குக் கிடைத்தது.

இடம் சிறிதாயிருந்தது, அவர் அலையையும் சிறிதாக்கினார். ஹெர்ட்ஸ் கையாண்ட அலைகள் நீளமானவை. அவற்றின் ஒளியொத்த பண்புகளை ஆராயப் பெரிய கருவிகள் தேவைப்பட்டன. போஸ் 5 மில்லிமீட்டர் அளவுக்குக் குறுகிய அலைகளை உண்டாக்கினார். அவற்றை ஒருமுகப்படுத்தப் புனல் வடிவக் கருவியைப் பயன்படுத்தினார். இன்று கொம்பு அலைவாங்கி என வழங்குவது அதுவே. மேசைமீது அடங்கும் அவருடைய கருவித்தொகுதி ஒளி எதிரொளிப்பதையும் விலகுவதையும் போலவே இவ்வலைகளும் நடந்துகொள்வதைக் காட்டியது. தளவிளைவை ஆராய அவர் எடுத்த பொருள்கள் வியப்புக்குரியவை. தொடர்வண்டிக் கால அட்டவணைப் புத்தகத்தின் தாள்களுக்கு இடையே ஈயத்தாள்களைச் செருகிப் பார்த்தார். பின்னர்ச் சணல் நார்க்கற்றைகளை எடுத்து முறுக்கினார். வலமாக முறுக்கிய கற்றையின் வழியே சென்ற அலையின் அதிர்வுத்தளம் ஒரு பக்கமாகத் திரும்பியது. இடமாக முறுக்கிய கற்றையில் அது மறுபக்கம் திரும்பியது. நூலில் வலமுறுக்கும் இடமுறுக்கும் வெவ்வேறு தன்மை தருவதை நூற்பாலை கண்டவர் அறிவர். சர்க்கரைக் கரைசல் ஒளியின் தளத்தைத் திருப்புவதற்கு அதன் மூலக்கூறுகளின் முறுக்கமைப்பே காரணம் என்பதைச் சணல் நாரைக்கொண்டு கண்முன் நிறுத்திய இவ்வாய்வு 1898இல் வெளிவந்தது.

1895இல் கொல்கத்தா நகர மண்டபத்தில் அவர் நிகழ்த்திய செய்முறை விளக்கம் மக்களிடையே அவருக்குப் புகழ் தேடித்தந்தது. ஓர் அறையில் எழுப்பிய அலை, இடையில் நின்ற மனித உடலையும் சுவர்களையும் ஊடுருவிச் சென்று, தொலைவில் மணியை ஒலிக்கச் செய்தது, வெடிமருந்தையும் பற்றவைத்தது. காணா ஒளி எனப் பொருள்படும் தலைப்பில் தாய்மொழியில் எழுதிய கட்டுரையில், செங்கற்சுவரை எளிதில் கடக்கும் இவ்வலைகளால் கம்பியின்றியே செய்தி அனுப்பலாம் என்று அவர் விளக்கினார். சுவரைக் கடப்பது பனியையும் கடக்கும் அல்லவா? கொல்கத்தாவிலிருந்து வெளிவந்த ஆங்கில நாளேடு ஒன்று 1896 சனவரியில் இதனைச் சுட்டியது. போஸின் அலையுணர் கருவி செம்மையுற்றால் உலகக் கடற்கரைகளின் விளக்கு முறையே மாறிவிடும் என்பது அவ்வேட்டின் எதிர்பார்ப்பு.

போஸின் ஆய்வைப் படித்தவர்களுள் ஒருவர் பிரித்தானியக் கடற்படை அதிகாரி ஹென்றி ஜாக்சன். அவருக்கு நெடுநாளாகவே ஒரு சிக்கல் இருந்தது. இரவில் தன் கப்பலை நெருங்கும் சிறு தாக்குதற்படகு நம்முடையதா, பகைவருடையதா என எவ்வாறு அறிவது? விளக்கு காட்டினால் பகைவருக்கும் தெரியும். காட்டாவிட்டால் நம்மவரே நம்மவரைச் சுட நேரும். போஸின் சோதனைகள் அவருக்கு வழி காட்டின. டெவன்போர்ட் துறைமுகத்தில் 'டிஃபையன்ஸ்' என்னும் பயிற்சிக் கப்பலில் 1896இல் அவர் மின் அலைகளால் செய்தி அனுப்பிக் காட்டினார்.

கடல் போஸின் கற்பனையிலும் இடம்பெற்றது. தலைமுடித் தைலம் விற்கும் நிறுவனம் ஒன்று 1896இல் நடத்திய கதைப்போட்டியில் அவர் எழுதிய வங்கமொழிக் கதை பரிசு பெற்றது. புயலில் சிக்கிய கப்பலிலிருந்து ஒரு புட்டித் தைலத்தைக் கடலில் ஊற்றி அலைகளை அடக்குவதே கதை. வங்க அறிவியல் புனைகதையின் தொடக்கப் படைப்புகளுள் ஒன்றாக அது கருதப்படுகிறது. தம் ஆய்வைப் போலவே விளையாட்டையும் அவர் முழு ஈடுபாட்டோடு செய்தார்.

பிழையின்றிப் பெறுதல்

அலையை எழுப்புவதைக் காட்டிலும் அதனைப் பிழையின்றி உணர்வது கடினம். போஸின் தனித்திறம் வெளிப்பட்டது இவ்விடத்தில்தான். அன்றைய அலையுணர் கருவி உலோகத்தூள் நிரப்பிய கண்ணாடிக் குழாய் ஆகும். அலை பட்டவுடன் தூள்கள் ஒன்றோடொன்று ஒட்டி மின்னோட்டத்தை விடும். ஒட்டியவை தாமே பிரிவதில்லை. அடுத்த குறியைப் பெறுவதற்கு முன் குழாயைத் தட்டிவிட வேண்டும். தந்திமொழியோ புள்ளியும் கோடும் கொண்டது. ஒரு குறி முடிந்து மறுகுறி தொடங்கும் இடைவெளி மங்கினால் எழுத்தே மாறிவிடும். வங்காளத்தின் ஈரக்காற்றில் உலோகத்தூள் மேலும் தொல்லை தந்தது. போஸ் தூளை நீக்கிவிட்டு நுண்ணிய சுருள்வில்களை அடுக்கி, அவற்றின் அழுத்தத்தைத் திருகால் கட்டுப்படுத்தினார். 1899இல் இலண்டன் ராயல் சொசைட்டியில் வெளியான ஆய்வில், ஒவ்வொரு குறிக்குப் பின்னும் தட்டாமலே பழைய நிலைக்கு மீளும் கருவியை அறிவித்தார். கிண்ணத்தில் பாதரசம், அதன்மேல் மெல்லிய எண்ணெய்ப் படலம், படலத்தைத் தொட்டும் தொடாமலும் ஓர் இரும்புத் தட்டு ஆகியவற்றோடு செய்தியைக் காதால் கேட்கத் தொலைபேசிக் குழலும் சேர்ந்ததே அக்கருவி.

இதற்கிடையே இத்தாலிய இளைஞர் மார்க்கோனி கம்பியில்லாத் தந்தியைத் தொழிலாக வளர்த்துவந்தார். 1899 மார்ச்சு மாதத்தில் இங்கிலாந்தின் குட்வின் மணற்றிட்டில் 'எல்பே' என்னும் கப்பல் தரைதட்டியது. அருகில் நின்ற விளக்குக் கப்பல் கம்பியில்லாத் தந்தியால் கரைக்குச் செய்தி அனுப்ப, மீட்புப் படகு விரைந்தது. 1901 திசம்பர் 12 அன்று இங்கிலாந்தின் கார்ன்வாலில் எழுப்பிய குறியை அட்லாண்டிக் பெருங்கடலுக்கு அப்பால், நியூஃபவுண்ட்லாந்தில் மார்க்கோனி கேட்டார். எஸ் என்னும் எழுத்தைக் குறிக்கும் மூன்று புள்ளிகள் அவை. அப்போது அவர் காதில் பொருத்திய தொலைபேசிக் குழலோடு இணைந்திருந்தது பாதரச உணர்கருவி. இத்தாலியக் கடற்படை அதிகாரி ஒருவரின் வழியாக அது அவருக்குக் கிடைத்தது. அதன் மூலம் போஸின் 1899ஆம் ஆண்டுக் கருவியே என்பதை 1998இல் வெளியான ஆய்வுக்கட்டுரை ஒன்று விரிவாக எடுத்துரைத்தது.

இதனால் வானொலியைப் போஸ் ஒருவரே கண்டுபிடித்தார் என்று கூறுவது பொருந்தாது. அவர் ஆண்ட சிற்றலைகள் அக்காலக் கருவிகளைக் கொண்டு பெருங்கடலைக் கடக்கக்கூடியவை அல்ல. நெட்டலைகளையும் உயர்ந்த அலைவாங்கிகளையும் நம்பிக் கப்பல்தோறும் தந்திக்கருவியை நிறுவியது மார்க்கோனியின் உழைப்பு. அந்த உழைப்பில் கொல்கத்தாவின் சிற்றறைக்கும் பங்குண்டு என்பதை உலகம் ஒப்புக்கொள்ளத்தான் நெடுங்காலமாயிற்று.

போஸும் அதற்கொரு காரணம் ஆவார். 1897 சனவரியில் இலண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் சொற்பொழிவாற்றியபோது தம் கருவியின் அமைப்பை அவர் மறைக்கவில்லை. 1901இல் தந்தித்தொழில் முதலாளி ஒருவர் காப்புரிமை ஆவணத்தோடு தேடிவந்து வருவாயில் பங்கு தர முன்வந்தபோதும் மறுத்தார். அச்செய்தியை நண்பர் இரவீந்திரநாத் தாகூருக்கு எழுதிய மடலில் வருத்தத்தோடு தெரிவித்தார். நண்பர்கள் விடவில்லை. சாரா புல் என்னும் அமெரிக்கப் பெண்மணியின் முயற்சியால் காலினா என்னும் ஈயப்படிகத்தைக் கொண்ட உணர்கருவிக்கு 1904 மார்ச்சு 29 அன்று அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது. அதன் எண் 755840. அதனால் வந்திருக்கக்கூடிய பொருளைப் போஸ் நாடவில்லை, உரிமை காலாவதியாயிற்று. குறைகடத்திகளின் வருகைக்கு வெகுகாலம் முந்திய அப்படிகக் கருவியைப் பிற்கால இயற்பியலாளர்கள் வியந்து போற்றுகின்றனர்.

1912 ஏப்பிரல் 15 அதிகாலையில் 'டைட்டானிக்' மூழ்கியபோது, கம்பியில்லாத் தந்தி கேட்டு விரைந்த 'கார்பேதியா' எழுநூற்றுக்கும் மேற்பட்டோரை மீட்டது. அதைவிட அருகில் நின்ற 'கலிஃபோர்னியன்' கப்பலின் தந்தி அலுவலர் கருவியை அணைத்துவிட்டு உறங்கச் சென்றிருந்தார். அனுப்பிய செய்தியில் குறையில்லை; பெறுவதற்கு அங்கே ஆள் இல்லை. இருபத்துநான்கு மணிநேரமும் செவிமடுக்க வேண்டும் என்ற விதி 1914ஆம் ஆண்டுப் பன்னாட்டு உடன்படிக்கையில் இடம்பெற்றது.

செடியின் மறுமொழி

போஸின் கவனம் அதற்குள் வேறு திசையில் சென்றிருந்தது. ஓயாது வேலை செய்த உணர்கருவி சோர்வதையும் ஓய்வுக்குப் பின் தெளிவதையும் கண்ட அவர், உயிரற்ற பொருளின் மறுமொழிக்கும் உயிருள்ள தசையின் மறுமொழிக்கும் உள்ள ஒப்புமையை ஆராயத் தொடங்கினார். அங்கிருந்து தாவரங்களுக்குச் சென்றார். செடியின் வளர்ச்சியைப் பதினாயிரம் மடங்கு பெரிதாக்கிக் காட்டும் கிரெஸ்கோகிராஃப் என்னும் கருவி அவ்வாய்வில் பிறந்தது. உடலியல் அறிஞர் சிலர் இயற்பியலார் தம் எல்லையைக் கடப்பதாகக் கருதி எதிர்த்தனர். 1901இல் ராயல் சொசைட்டி அவருடைய கட்டுரையை வெளியிடாமல் நிறுத்திவைத்தது. அதே அமைப்பு 1920இல் அவரை உறுப்பினராக ஏற்றது.

1915இல் கல்லூரிப் பணியிலிருந்து ஓய்வுபெற்ற போஸ், தம் பிறந்தநாளான 1917 நவம்பர் 30 அன்று கொல்கத்தாவில் ஆய்வு நிறுவனம் ஒன்றைத் தொடங்கினார். குளியலறை ஓரத்தில் தாம் பட்ட இடர் பின்வரும் இந்திய மாணவருக்கு நேரக்கூடாது என்பது அவருடைய எண்ணம். 1937 நவம்பர் 23 அன்று கிரிடியில் அவர் உயிர் நீத்தார்.

கப்பல்களில் சுழலும் ராடார்களுள் ஒருவகை இன்று 3 சென்டிமீட்டர் அலைநீளத்தில் இயங்குகிறது. போஸ் தம் மேசைமீது ஆராய்ந்த சிற்றலைகளுக்கு அது மிக நெருங்கிய உறவு. மூடுபனியில் எதிர்வரும் கலத்தை மாலுமிக்குக் காட்டுவது அவ்வலையே. அவர் கையாண்ட புனல்களும் சுருள்வில் உணர்கருவியும் முறுக்கிய சணற்கற்றையும் கொல்கத்தாவில் அவர் நிறுவிய ஆய்வு நிறுவனத்தில் காக்கப்பட்டு வருகின்றன.